ஆட்டம் வாரம்

ஆமாம்மா, டீச்சர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? முன் சீட்டுப் பிள்ளையக் கைய உள்ள வைன்னு சொன்னேனே, அதுல தெரிஞ்சிருச்சாக்கும். பழக்கம். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அதுல பதினாறு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் மட்டும்.

அந்தப் பைய இப்படி என் பக்கம் வைங்க, நான் தள்ளி உக்காந்துக்கிறேன். கோவில்பட்டி போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். இந்த பஸ்காரன் உருட்டிக்கிட்டுத்தான் போவான்.

ஞாயித்துக்கிழமை ஒரு டீச்சருக்கு நல்லமுத்துப்பட்டியில என்ன வேலைன்னு நீங்க கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. அம்புட்டுக் கோவம். யாரு மேலன்னு கேட்டா எல்லாரு மேலயுந்தான். முழுசாக் கேட்டுட்டு, யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க யாரோ நான் யாரோ, உங்களுக்கு ஒருத்தரு பக்கம் பேசணும்னு இல்ல.

பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாம். மஞ்சள் பஸ் ஓட்டுற பள்ளிக்கூடத்துல அதுவும் ஒண்ணு. கரஸ்பாண்டென்ட் சார் நல்ல மனுஷர்னுதான் இம்புட்டு நாளா நினைச்சிருந்தேன். போன வருஷம் அவரு மருமக பெங்களூர்ல இருந்து வந்தாக. ஷர்மிளா மேடம். வந்த அன்னைக்கே கோஆர்டினேட்டர். ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு நாள் நின்னு பாடம் நடத்தினது கிடையாது. ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விட்டது கிடையாது. பதினாறு வருஷம் நடத்துன எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாக.

ஜூன் மாசம் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்குச்சு, கிட்டுன்னு அதுக்குப் பேரு. வெளிநாட்டுப் பாடத்திட்டமாம். மாசத்துல ஒரு வாரம் புத்தகத்த மூடி வச்சிட்டுப் பிள்ளைக கையால செஞ்சு, தொட்டுப் பார்த்துப் படிக்கணுமாம். நல்ல விஷயந்தான், நான் வேண்டாங்கல. ஆனா நான் புளியங்கொட்டைய வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்தப்போ இதே அம்மாதான் வந்து பார்த்துட்டு, அழுக்கா இருக்கு, தூக்கிப் போடுங்கன்னாக. டப்பாவோட தூக்கிப் போட்டேன். அதையே பெட்டியில இருந்து எடுத்தா ஆக்டிவிட்டி. நான் டப்பாவுல இருந்து எடுத்தா அழுக்கு.

அக்டோபர் மாசத்துக்கு அதுல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? ஆட்டம். நாம ஆடுற ஆட்டம் இல்ல. இலையுதிர் காலத்துக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு. பேரன்ட்ஸ் மீட்டிங்ல மைக்கப் பிடிச்சு, அடுத்த வாரம் ஆட்டம் வீக், எல்லாப் பிள்ளைகளும் ஆட்டம் கலர்ல டிரெஸ் போட்டு வரணும்னு சொல்லிட்டாக. மறுநாள் ஒரு அம்மா எங்கிட்ட வந்து, என்ன பாட்டுக்கு ஆடணும் டீச்சர்னு கேட்டா. திங்கக்கிழமை காலையில ஒரு பிள்ளை சலங்கை கட்டிக்கிட்டு வந்து நிக்குது. நான் என்னத்தச் சொல்ல. கழட்டி அது பையிலயே போட்டு விட்டேன். சாயங்காலம் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு.

நீங்க இந்தப் பக்கந்தான? அப்ப உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மாசம். ஆறு மாசமா வெடிச்சுக் கிடந்த கரிசல் அப்பத்தான் ரெண்டு மழை பார்த்திருக்கு. ரோட்டோரமெல்லாம் பச்சை கட்டுது, காடு பூரா விதைப்பு நடக்குது. அந்த நேரத்துல என் பிள்ளைக முப்பத்திரண்டும் வரிசையா நின்னு, இலையெல்லாம் உதிருதே உதிருதேன்னு இங்கிலீஷ்ல பாடணும். கழுத்துல கம்பளி மப்ளர் வேற. வேர்த்து வழியுது பிள்ளைகளுக்கு.

நான் மேடத்துக்கிட்டச் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். நமக்கு இது கூதிர் காலம் மேடம், இலை கொட்டுறது மாசி பங்குனியில, அப்ப வச்சுக்கிட்டா பிள்ளைக கண்ணால பார்த்துப் படிக்கும்னேன். கூதிர்னா என்னன்னு கேட்டாக. ஐப்பசி கார்த்திகைக் குளிரும் மழையும்னு சொன்னேன். குளோபலா யோசிங்க டீச்சர்னுட்டு செல்போனப் பாக்க ஆரம்பிச்சிட்டாக. குளோபலா யோசிக்கணுமாம். ஜன்னலுக்கு வெளியில மழை பெய்யுது, அத யோசிக்கக் கூடாதாம்.

கிளாஸ்ல அஞ்சு மேசை போட்டோம். ஒரு மேசையில பூசணிக்காய். அத நான் குறை சொல்ல மாட்டேன். அறுத்து, உள்ள கையவிட்டு விதையத் தோண்டி, கழுவி, பத்துப் பத்தா எண்ணி வச்சுதுக. ஒரு பிள்ளை வாந்தி எடுத்துச்சு, மத்தபடி நல்லாத்தான் போச்சு. இன்னொரு மேசையில மூணு நிறத்துல ஆப்பிள், தின்னு பார்த்து எது புளிப்புன்னு சொல்லணும். அடுத்ததுல ஓக் மரத்துக் காய். பிளாஸ்டிக். ஒரு பிள்ளை அதக் கொட்டைப்பாக்குன்னு நினைச்சு வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போயிருச்சு. நாலாவது, வைக்கோல் பொம்மை செய்யறது. அஞ்சாவதுதான் இலை மேசை.

அந்த இலையப் பார்த்தீங்கன்னா உங்களுக்கே கோவம் வரும். எல்லாம் துணியில ஒரே அச்சுல வெட்டினது. பெருசு சிறுசு பிரின்னு தாள்ல எழுதியிருக்கு. எப்படிப் பிரிக்கும்? எல்லாம் ஒரே அளவு. மேல தாள வச்சு கிரேயானால தேய்ச்சா நரம்பு தெரியும்னு போட்டிருக்கு. துணிக்கு எங்கிட்டு நரம்பு? பிள்ளைக தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் வரல டீச்சர், ஒண்ணும் வரல டீச்சர்னு என் மூஞ்சியப் பாக்குதுக. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒண்ணு வரலன்னா அது தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கல.

என் கிளாஸ்ல சுபிக்‌ஷான்னு ஒரு பிள்ளை. அரசாங்க ஒதுக்கீட்டுல சேர்ந்தது. அதுக்கு அம்மா காளீஸ்வரி, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. அப்பன் திருப்பூர்ல இருக்கான், அம்புட்டுத்தான் அவனப் பத்திச் சொல்ல முடியும். அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல ரெண்டு பாதாம் மரம் நிக்கிறது எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு முன்னால அங்க சூப்பர்வைசரா இருந்தாரு. நம்ம பக்கத்துல பாதாம் மரம் ஒண்ணுதான் வருஷம் பூரா அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் சிவந்து விழும். அதனால சுபிக்‌ஷா டைரியில எழுதி விட்டேன். பாதாம் மரத்தின் உதிர்ந்த இலை பத்து கொண்டு வரவும். காளீஸ்வரிகிட்ட வாட்ஸப் கிடையாது, அதனால டைரி. மேடத்துக்கிட்டக் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? என் கிளாஸ்.

பத்து. அத நல்லா மனசுல வச்சுக்கங்க. பத்துன்னுதான் எழுதினேன். அவ ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டாந்தா.

ரெண்டு நாள் மத்தியானச் சோத்து நேரத்துல உக்காந்து பொறுக்கினாளாம். ஒவ்வொரு இலையாக் கழுவி, துடைச்சு, பாய்க்கு அடியில பேப்பர் விரிச்சு அடுக்கி வச்சுக் காயவிட்டுக் கொண்டாந்திருக்கா. எதுக்கு இம்புட்டுன்னு கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளை இருக்குல்ல டீச்சர், ஆளுக்குப் பத்துன்னு கணக்குப் போட்டேன், எம் பிள்ளை மட்டும் கையில வச்சிருந்தா மத்த பிள்ளைக ஏங்கிப் போகும்லன்னா.

வியாழக்கிழமை காலை. அந்தக் காலையப் பத்தி நான் என்னன்னு சொல்லுவேன். பத்தொம்பது வருஷத்துல அப்படி ஒண்ணு எனக்கு வாய்ச்சதில்ல. துணி இலையெல்லாம் தூக்கி அலமாரியில போட்டுட்டு, இந்த இலைகளத் தரையில கொட்டினேன். செவப்பு, மஞ்சள், காப்பிப்பொடி நிறம், கருஞ்செவப்பு. கையகலம் இருக்குறது, முழங்கை நீளம் இருக்குறது. பிள்ளைக ஓடி வந்து சுத்தி உக்காந்துச்சுக. அப்புறம் போட்டுச்சுக பாருங்க ஒரு சத்தம்.

நிறம் பார்த்துப் பிரிச்சுதுக. சிறுசுல இருந்து பெருசுக்கு வரிசையா வச்சதுல வரிசை வகுப்ப விட்டு வெளியில வராண்டா வரைக்கும் போயிருச்சு. இருபதுக்கு மேல எண்ணத் தெரியாத பிள்ளை ஒண்ணு முப்பத்தாறு வரைக்கும் எண்ணுச்சு. தாள வச்சுத் தேய்ச்சா, நடு நரம்பு, பக்க நரம்பு, பூச்சி தின்ன ஓட்டை, எல்லாம் அப்படியே எழும்பி வருது. பாதி பச்சையும் பாதி செவப்புமா இருந்த இலைய எந்தக் குவியல்ல போடுறதுன்னு பெரிய சண்டை. சுபிக்‌ஷா அதுக்குன்னு தனியா ஒரு குவியல் வச்சிருச்சு. என்னடி இதுன்னு கேட்டேன்.

“இது இன்னும் போய்க்கிட்டு இருக்கு டீச்சர்”னு சொல்லுச்சு.

இத நான் சொல்லிக் குடுக்கல. எந்தப் பெட்டியிலயும் இல்ல இது.

மேடம் அப்பத்தான் உள்ள வந்தாக. போனத் தூக்கி வளைச்சு வளைச்சு படம் எடுத்தாக. சூப்பர் டீச்சர், வெரி நேச்சுரல்னாக. அவுக வாயாலதான் சொன்னாக. அந்த வார்த்தைய நான் மறக்கல, அவுகதான் மறந்துட்டாக.

அன்னைக்கு மத்தியானம் ரித்விக்னு ஒரு பிள்ளைக்குக் கழுத்தும் கையும் தடிச்சுப் போச்சு. கம்பளிப்பூச்சி முடி பட்ட மாதிரி. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டாக, சாயங்காலமே வத்திருச்சு. ஆனா அதுக்குள்ள அவங்க அப்பா, சிமெண்ட் ஏஜென்சி வச்சிருக்காரு, பிள்ளை கழுத்தப் படம் எடுத்து குரூப்புல போட்டுட்டாரு. ரோட்டுல கிடக்குற குப்பையப் பொறுக்கிப் பிள்ளைக கையில குடுக்குறாங்கன்னு எழுதிட்டாரு. விடிய விடிய மெசேஜ். யாரு வீட்டுல இருந்து வந்த குப்பை, அந்த வீட்டுல என்னென்ன நோய் இருக்கோ, அப்படி இப்படின்னு. பாதிப் பேரு படிச்சவுக.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. எங்க கிளாஸுக்குப் பின்னால சுவரோரம் ஒரு முருங்கை மரம் நிக்குது. மழைக் காலத்துல அதுல கம்பளிப்பூச்சி அடை அடையா அப்பிக் கிடக்கும். வியாழக்கிழமை இன்டர்வெல்ல ரித்விக் அதுல குச்சிய விட்டு நோண்டிக்கிட்டு நின்னான். நான் பார்த்தேன். வாடா இங்கிட்டுன்னு கூப்பிடவும் செஞ்சேன். இத ஏன் சொல்றேன்னா, அது இலையால வந்தது இல்லன்னு எனக்குத் தெரியும். தெரியும்னா, நூத்துக்கு நூறு எப்படிச் சொல்ல முடியும். ஆனா தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில சார் ரூமுக்குக் கூப்பிட்டாக. சார் இருக்காரு, மேடம் இருக்காக, அந்த ரித்விக் அப்பா கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. கிட்டுல இல்லாத பொருள் கிளாஸுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலன்னு மேடம் சொல்றாக. முந்தா நேத்துக் கூட இல்ல, நேத்து படம் எடுத்த அம்மா. எனக்கு ரத்தம் கொதிக்குது.

சார் எங்கிட்டத் திரும்பி, “அந்த இலையெல்லாம் யாரு கொண்டு வந்தது டீச்சர்?”னு கேட்டாரு.

கேள்வி அதுதான். “சுபிக்‌ஷாவோட அம்மா கொண்டு வந்தாங்க சார்”னேன்.

இதுல பொய் இருக்கா? நீங்களே சொல்லுங்க. கொண்டு வந்தது அவதான. யாரு கொண்டு வரச் சொன்னதுன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு கேக்கலங்கிறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா வேலை இல்ல. மக காலேஜ்ல கடைசி வருஷம். கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டுத் திரியற நிலைமையிலயா நான் இருக்கேன்?

காளீஸ்வரிய ஆள் விட்டுக் கூப்பிட்டாக. வேலையப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தா. உக்காருன்னு யாரும் சொல்லல. சார் அவள நீ வா போன்னுதான் பேசினாரு. ஓசியிலதான படிக்குது உன் பிள்ளை, அந்த அடக்கம் வேண்டாமான்னு கேட்டாரு. சிமெண்ட் ஏஜென்சிக்காரரு இன்னும் என்னென்னமோ சொன்னாரு, அத நான் சொல்ல மாட்டேன், வாய் கூசுது. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. ஒவ்வொண்ணாக் கழுவித் துடைச்சுத்தாங்க சார் கொண்டாந்தேன்னா. திருப்பித் திருப்பி அதையே சொன்னா.

அப்ப என்னையப் பார்த்தா. ஒரே ஒரு தடவை.

நான் சார் மேசையில இருந்த காலண்டரப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வேற எங்க பாக்குறது?

பிள்ளையக் கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சிரு, மத்தவுக கோவம் தணியட்டும்னு சார் சொல்லி அனுப்பிட்டாரு. அரசாங்க ஒதுக்கீட்டுப் பிள்ளைய வெளிய போன்னு நேரடியாச் சொல்ல முடியாது பாருங்க, இப்படித்தான் சொல்லுவாக. பத்து நாள் கழிச்சு காளீஸ்வரி வந்து டி.சி. கேட்டா. உடனே குடுத்துட்டாக. கிளாஸ் டீச்சர்தான் அத நிரப்பணும். விலகும் காரணம்னு ஒரு கோடு இருக்கும். பெற்றோர் விருப்பம்னு எழுதினேன். அது வழக்கமா எழுதுறதுதான், எல்லாருக்கும் அதத்தான் எழுதுறது.

அந்தப் பிள்ளை இடத்துல வேற பிள்ளைய உக்கார வச்சாச்சு. நானும் விட்டுட்டேன். விட்டுத் தொலைன்னுதான் இருந்தேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்து கேட்டு வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினாக பாருங்க. அடுத்த வருஷ அட்மிஷனுக்கு. ரெண்டாள் உயரம். அதுல என்ன படம்? செவப்பும் மஞ்சளுமா இலை. பாதாம் இலை. அதுக்கு மேல ஒரு சின்னக் கை, பாதி பச்சை பாதி செவப்பு இலை ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு. அது சுபிக்‌ஷா கை. ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு முப்பத்திரண்டு கையும் தெரியும், மூஞ்சி தேவையில்ல. படத்துக்குக் கீழ பெரிய எழுத்துல போட்டிருக்காக, இயற்கையோடு இணைந்த கல்வி, ஷர்மிளா மேடத்தின் புதிய சிந்தனைன்னு.

யாரு சிந்தனை? என் சிந்தனை. என் கிளாஸ், என் இலை. டைரியில எழுதி விட்டவ நான், தரையில கொட்டினவ நான். குப்பைன்னு சொன்னப்போ காளீஸ்வரியோடது. ஃப்ளெக்ஸுல போட்டா மேடத்தோடது. நடுவுல நான் எங்க போனேன்? ஒரு ஓரத்துல, சின்ன எழுத்துல, செல்வராணி டீச்சர்னு போட்டா அவுக சொத்து குறைஞ்சிருமா?

அந்தக் கோவத்துலதான் இன்னைக்குக் கிளம்பினேன். சுபிக்‌ஷா தேய்ச்ச தாள் ஒண்ணு என் அலமாரியில கிடந்துச்சு. அத அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்துட்டு, காளீஸ்வரிகிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு, பாரு, உன் இலைய வச்சு என்ன கூத்து நடக்குதுன்னு. அவளுக்கும் கோவம் வரும்ல. ரெண்டு பேரும் சேர்ந்து கோவப்பட்டா ஒரு ஆறுதல். அப்படித்தான் நினைச்சேன்.

நல்லமுத்துப்பட்டியில விசாரிச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்லாத்தான் வாங்க டீச்சர்னா. நாற்காலியத் துடைச்சுப் போட்டா. காப்பி போட்டுக் குடுத்தா. பிள்ளைய ஊர்ல இருக்குற ஒன்றியப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கா. சுபிக்‌ஷா என்னையப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால போயிருச்சு. தாள நீட்டினதும் வந்து வாங்கிக்கிட்டு, என் மடிக்கிட்டயே நின்னுச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல என்னம்மா சொல்லிக் குடுக்குறாங்கன்னு கேட்டேன்.

“விதை கொண்டாரச் சொன்னாங்க டீச்சர். எல்லாரும் கொண்டாந்தாங்க. எங்கம்மா மட்டும் குடுத்து விட மாட்டேன்னு சொல்லிட்டாங்க.”

காளீஸ்வரி அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. ஏன் இப்படிப் பண்றன்னு நான்தான் கேட்டேன். விதை குடுக்குறதுல என்ன வந்துச்சு, பிள்ளை ஏங்குதுல்லன்னேன். அவ அடுப்பத் துடைச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் ஃப்ளெக்ஸ் விஷயத்தச் சொன்னேன். சரிங்க டீச்சர்னா. கோவமே வரல அவளுக்கு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. அன்னைக்கு ஆபீஸ் ரூம்லயும் இப்படித்தான் மரம் மாதிரி நின்ன, வாயத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்குமான்னு கேட்டுட்டேன். நான் கேட்டது தப்பா? அவ பேசியிருக்கணுமா இல்லையா?

உள்ள போயி ஒரு டைரிய எடுத்துட்டு வந்தா. எங்க பள்ளிக்கூடத்து டைரி. இலை கேட்டு நான் எழுதின பக்கத்தப் பிரிச்சு என் மடியில வச்சா.

“இது அன்னைக்கு என் பையிலதான் இருந்துச்சு டீச்சர். எடுத்து மேசையில வச்சா உங்க வேலை போயிருமேன்னு வைக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன்.”

சத்தம் போட்டுச் சொல்லல. இந்தக் காப்பி ஆறிப் போச்சு டீச்சர்னு சொல்ற மாதிரி சொன்னா. சொல்லிட்டு, இத நீங்களே வச்சுக்கங்க, பாப்பாவுக்கு இப்ப வேற நோட்டுன்னா.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். வரும்போது போயிட்டு வரேன்னு கூடச் சொல்லல. என்ன திமிரு பாருங்க அவளுக்கு. எனக்குப் பாவம் பார்த்திருக்கா. ஓசியில படிக்க வந்த பிள்ளையோட அம்மா, எனக்கு வேலை போயிருமேன்னு எனக்குப் பாவம் பார்த்திருக்கா. நான் கேட்டேனா அவள? ஒரு மாசமா நான் சாப்பிட்ட சோறு அவ போட்ட பிச்சைங்கிற மாதிரி ஆயிருச்சுல்ல. அன்னைக்கே அந்த டைரியத் தூக்கி மேசையில எறிஞ்சிருந்தா, என்னைய நாலு வார்த்தை திட்டியிருந்தா, எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எனக்கும் அவ மேல கோவப்பட ஒரு காரணம் இருந்திருக்கும். இப்ப இத என் பையில போட்டு விட்டுட்டா. நான் இத வச்சுக்கிட்டு என்ன செய்ய?

இந்தாங்க. நீங்களே பாருங்க. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், பேரன்ட்ஸ் எல்லாரும் சொல்லுவாக. உதிர்ந்த இலை பத்துன்னு எழுதியிருக்கா? அதான் சொன்னேன்ல, பத்துன்னுதான் எழுதினேன்னு. அதுக்குக் கீழ பெற்றோர் கையெழுத்துன்னு இருக்குற இடத்துல என்ன எழுதியிருக்கா? கண்ணாடி கொண்டு வரல, எனக்குப் பொடி எழுத்துத் தெரியல.

“சரிங்க டீச்சர், எல்லாப் பிள்ளைக்கும் கொண்டு வரேன்”னா?

அப்படியா எழுதியிருக்கா?

நான் அத அன்னைக்குப் படிக்கல. முப்பத்திரண்டு டைரி, காலையில வேகமா டிக் அடிச்சு விடுறது. படிக்கல நான்.

இது எந்த ஸ்டாப்பு? சோளப் பேட்டையா? அப்ப அடுத்தது யூனியன் ஆபீஸ். சார் வீடு அதுக்குப் பின் தெரு. ஞாயித்துக்கிழமை இந்நேரம் வீட்டுலதான் இருப்பாரு. அந்த மேடமும் இருப்பாக. நல்லது, ரெண்டு பேரும் இருக்கட்டும்.

இல்ல, எங்க வீடு பஸ் ஸ்டாண்டத் தாண்டித்தான். இருந்தாலும் நான் இங்கயே இறங்கிக்கிறேன். வேலை போகும். போகும்னுதான் நினைக்கிறேன். எங்க வீட்டுக்காரரு என்னைய ஏசுவாரு, மக அழுவா, அத அப்புறம் பார்த்துக்கலாம். சார், பாதாம் இலை கொண்டு வரச் சொன்னது நான்தான். இதத்தான சொல்லணும்? ஏழு வார்த்தை. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிச்சிரும்.

அந்த டைரியக் குடுங்கம்மா, ஸ்டாப்பு வரப் போகுது. நாளைக்குன்னு வச்சா நான் சொல்ல மாட்டேன்.